வேலிக்கு அந்தப் பக்கத்துச் சனிக்கிழமைப் பாட்டு

மகனே,

போன கிழமை விறாந்தையில் நின்று சப்பாத்தைக் கட்டிக்கொண்டே நீ சொல்லிவிட்டுப் போனதை இன்னும் மென்றுகொண்டுதான் இருக்கிறேன். "ஊரிலை ஆருக்கு வேணுமெண்டாலும் சொல்லுங்கோ ஐயா. பெரியம்மா வீட்டுக்குச் சொன்னால் நான் மணவறையிலை வந்து இருக்கமாட்டன்" என்றாய். சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிச் சுன்னாகம் ஸ்டேஷனுக்குப் போய்விட்டாய். நீ கோபத்தில் பேசும்போது உன் அம்மாவைப் போலவே கீழே பார்த்துக்கொண்டு பேசுகிறாய், அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் பதில் தவறிப்போயிற்று. கலியாணம் நெருங்கி வருகிறது. சொந்தக்காரருக்கு வீடு வீடாகப் போய்ச் சொல்லத் தொடங்க வேண்டும். அதற்கு முன் நீ இந்தக் கடிதத்தை இருந்து ஆறுதலாக வாசி. நாளைக்கு உன் மனைவியாக வரப்போகிறவளும் இதை வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம், அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் சேர்த்தே எழுதுகிறேன். கிழவன் புளித்த மாவை அரைக்கிறான் என்று நினைக்காதே.

என் குணம் உனக்குத் தெரியும். உன் அம்மா எனக்கு வைத்த பெயர் விடுப்புக்காரன். தெருவில் ஒரு வண்டில் நின்றால் ஏன் நிற்கிறது என்று கேட்காமல் எனக்குச் சோறு இறங்காது. இப்படி ஒரு மனிதனைக் கொண்டுபோய் ரயில்வே பார்சல் கந்தோரில் வேலைக்கு வைத்தால் என்ன ஆகும்? வருகிற பெட்டி ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்ப்பேன், காதில் வைத்துக் குலுக்கிப் பார்ப்பேன், மூக்கை வைத்து மணந்தும் பார்ப்பேன். உலக யுத்தம் முடிந்த கையோடு ஒருநாள் கொழும்பிலிருந்து ஒரு கனத்த பெட்டி வந்தது. மேலே கண்ணாடிச் சாமான் என்று எழுதியிருந்தது. உள்ளே என்ன, யாருக்கு என்று அறிகிற ஆவலில் அதை நானே வண்டியிலிருந்து இறக்கினேன், பிள்ளைத்தாய்ச்சியைக் கைப்பிடித்து இறக்குகிற மாதிரி. திருப்பிப் பார்த்தால் எங்கள் ஊர்ச் சண்டிலிப்பாய் விலாசம். உன் பெரியையாவின் பெயர். நான் மூச்சுப் பிடித்து இறக்கி வைத்தது அந்த வீட்டுக்கு வந்த றேடியோ! கூட நின்ற போர்ட்டர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஏன் சிரித்தான் என்பதை மருமகளுக்குச் சொல்ல வேண்டும். உன் பெரியம்மா, உன் அம்மாவின் கூடப்பிறந்த ஒரே அக்கா. அவர்களைப் பெற்ற அப்பு ஒரு காணியை இரண்டாகப் பிரித்து இரண்டு பெண்களுக்கும் சீதனமாகக் கொடுத்தார். நடுவில் ஒரு வேலி. ஒரு வருடம் வேலி அடைக்கும்போது புதுக் கதியால் தடிகள் நட்டார்கள். அது எங்கள் பக்கம் வந்துவிட்டது என்று நான் சொன்னேன், இல்லை, உமது பக்கம்தான் எங்களுக்குள் வந்து கிடந்தது, இப்போதுதான் நேராயிற்று என்று என் சகலன், உன் பெரியையா, சொன்னார். அளந்தோம், கத்தினோம், கோட்டுக்கும் போனோம். வழக்கு எப்படி முடிந்தது என்று கேட்காதே, வழக்கறிஞர் வீட்டில் நல்லபடியாக முடிந்தது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நன்மை தின்மை இல்லை. அவர்கள் வீட்டுக் கலியாணத்துக்கு நாங்கள் இல்லை, எங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் இல்லை. சண்டை பிடித்தது ஆண்கள் இரண்டு பேர், பேச்சை விட்டது பெண்கள் இரண்டு பேர். நட்ட கதியால்கள் வேர்விட்டுப் பூவரச மரங்களாகிவிட்டன. எது யாருடைய பக்கம் என்று இப்போது அந்த மரங்களைத்தான் கேட்க வேண்டும்.

றேடியோ வந்ததும் சகலன் பனைக்கும் வீட்டுக்கும் நடுவே ஏரியல் கம்பி இழுத்தார். காகங்கள் வந்து வரிசையாக இருந்து பார்த்தன, நானும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். மற்ற நாட்களில் அந்தப் பெட்டி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. சனிக்கிழமை பின்னேரம் மட்டும் முழங்கும். கொழும்பு றேடியோ நிலையத்தில் அப்போது பழைய பாட்டுகளுக்கென்று ஓர் அரைமணி நேரம் தொடங்கியிருந்தார்கள், உனக்கு ஞாபகம் இருக்கும். பழைய நாடகக்காரர் பாடிய இசைத்தட்டுகளைத் தேடி எடுத்துப் போடுவார்கள். "அந்த நாளைய பாட்டு" என்று அறிவிப்பாளர் இழுத்துச் சொல்லும்போது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. நான் மீசை முளைத்தபின் கேட்ட பாட்டு எப்போது அந்த நாளாயிற்று? பிறகு யோசித்தேன். பாடினவர்களில் பாதிப் பேர் செத்திருப்பார்கள். செத்தவர்கள் பாட, இருக்கிறவர்கள் கேட்கிறோம், இதில் ஒருவருக்கும் பயம் வரவில்லையே, அது எப்படி? எந்தத் தட்டை எடுப்பது என்று கொழும்பில் ஒரு மனிதர் தீர்மானிக்கிறாரே, அவருக்கு இங்கே பூவரச வேலியோரம் இருக்கிற ஒருத்தியைப் பற்றி என்ன தெரியும்? இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டிருந்த விடுப்புக்காரனுக்குத் தன் வீட்டுக்குள் நடந்தது பிந்தித்தான் கண்ணில் பட்டது.

உன் அம்மா சனிக்கிழமை பின்னேரம் தென்னோலைக் கிடுகு பின்னத் தொடங்கியிருந்தாள். அதுவும் வேலியோரமாகப் போய் இருந்து. வேலி அடைக்கிற காலம் முடிந்தது, கூரை வேய்கிற காலம் முடிந்தது, அவள் பின்னுவது மட்டும் முடியவில்லை. எங்கள் வீட்டில் அந்த வருடம் கிடந்த கிடுகுக்கு இன்னொரு வீடே வேய்ந்திருக்கலாம். ஒருநாள் கேட்டேன், "ஏனப்பா முத்தத்தை விட்டிட்டு உங்கை போய்க் குந்தியிருக்கிறாய்?"

"உங்கைதான் நல்ல காத்து வருகுது" என்றாள். அன்றைக்குப் பூவரசில் ஓர் இலை ஆடவில்லை.

விடுவேனா? அடுத்த சனிக்கிழமை மாட்டுக்குத் தவிடு வைக்கிற சாட்டில் கிட்டப் போய் நின்றேன். பாட்டு நடந்துகொண்டிருந்தது. உன் அம்மாவும் மெல்லப் பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாடுவாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும், இத்தனை வருடம் கூட வாழ்ந்துவிட்டு. ஆனால் ஒரு புதினம். ஓரடியைப் பாடினாள், அடுத்த அடிக்கு வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் ஓட்டினாள், பிறகு திரும்பவும் பாடினாள். முழுப் பாட்டும் அப்படித்தான் போயிற்று. மறந்துபோனாளோ என்று கேட்டேன்.

"மறக்கேல்லை" என்றாள். "மலாயாவிலை இருந்து அம்மான் ஒரு பாட்டுப்பெட்டி கொண்டந்து எங்கடை வீட்டிலை வைச்சவர். சாவி குடுக்கக் குடுக்க இடையிலை இளகிப் போயிடும். பாடுறவர் நித்திரை தூங்குற மாதிரி இழுப்பார். அப்ப மிச்சப் பாட்டை நானும் அக்காவும் பாடி முடிப்பம். முதலடி அக்காவின்ரை. ரெண்டாவது என்ரை."

"சரி, இப்ப முழுசாப் பாடன்."

"அக்காவின்ரை அடியை நான் எப்பிடிப் பாடுறது?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு ஓலையை இறுக்கினாள்.

அதன்பிறகு நான் ஒரு துப்பறியும் வேலை செய்தேன், சிரிக்காதே. தென்மராட்சியில் அவளுடைய மச்சாள் வீட்டுக் கோயில் திருவிழாவுக்கு உன் அம்மாவை ஒரு சனிக்கிழமை அனுப்பிவிட்டு நான் தனியே வேலியோரம் நின்றேன். நேரத்துக்குப் பாட்டு வந்தது. வழமைபோல முழங்கித்தான் வந்தது. ஒரு பாட்டு முடிய முன்னமே சத்தத்தைக் குறைத்தார்கள், பிறகு அடியோடு நிறுத்திவிட்டார்கள். அவள் திரும்பி வந்த கிழமை திரும்ப முழங்கிற்று. ஆக, இந்தச் சத்தம் எங்களுக்குத்தான் என்று பிடித்துவிட்டேன். ஆனால் எதற்கு? எங்களிடம் றேடியோ இல்லை என்று குத்திக் காட்டவா? அவள் வீட்டில் இல்லை என்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? இதற்கு மேல் என் மூளை ஓடவில்லை. உன் அம்மாவிடமே நேரே கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன். நீ குடும்பம் நடத்தப் போகிறவன், அதனால் சொல்கிறேன். உன் மனைவி ஒரு நேரத்தில் ஓர் இடத்தில் போய் இருக்கிறாள் என்றால், ஏன் என்று கேள். கேட்டுவிட்டு, அவள் முதலில் சொல்கிற பதிலோடு எழும்பிப் போய்விடாதே. காற்று வருகிறது என்பாள். நீ கொஞ்ச நேரம் பக்கத்தில் இரு.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. மார்கழி மழையில் வந்து நாலைந்து நாளில் உன் அம்மாவைக் கொண்டுபோய்விட்டது. நீ கொழும்பிலிருந்து மெயில் ரயிலில் வந்து இறங்கினபோது எல்லாம் முடிந்திருந்தது. நீ அம்மாவின் தலைமாட்டில் இருந்தாய், அதனால் வாசல் படலையில் நடந்ததைக் காணவில்லை. பெரியம்மா வந்தார். தலை விரித்தபடி, நெஞ்சில் அடித்தபடி தெருவால் வந்தார். என் தம்பி, உன் சின்னையா, குறுக்கே நின்று, "உயிரோடை இருக்கேக்கை வராத ஆக்களுக்கு இப்ப என்ன அலுவல்?" என்று கேட்டான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். தடுக்கவும் இல்லை, உள்ளே கூப்பிடவும் இல்லை. எனக்கு அன்றைக்கு எது கை, எது கால் என்று தெரியாது. அவர் படலையில் வைத்த கையை எடுத்துவிட்டு, அழாமல் திரும்பிப் போனார்.

அடுத்த சனிக்கிழமை நடந்தது உனக்குத் தெரியும். வீடு நிறையச் சனம். பின்னேரம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பாட்டு முழங்கிற்று. சாவுத் துடக்கு எங்களுக்கு எப்படியோ அவர்களுக்கும் அப்படித்தான், இரத்த உரித்து. "துடக்கு வீட்டிலை ஆரும் பாட்டுக் கேப்பினமோ? உரித்தில்லை எண்டு பறை தட்டுகினம்" என்றார்கள் முற்றத்தில் இருந்தவர்கள். நீ எழும்பி ஓடினாய். கதியாலைப் பிடித்து உலுப்பினாய். "நீங்கள் மனிசரே? என்ரை அம்மா செத்து ஒரு கிழமையும் ஆகேல்லை, நீங்கள் பாட்டுக் கேக்கிறியளோ?" என்று கத்தினாய். பாட்டு நின்றது. அன்றைக்கு உன் நெஞ்சில் விழுந்த நெருப்பைத்தான் போன கிழமை விறாந்தையில் நின்று கக்கினாய். அதில் நான் பிழை காணவில்லை. அந்த நேரம் எனக்கும் அப்படித்தான் கொதித்தது.

ஆனால் விடுப்புக்காரன் புத்தி போகுமா? நீ கொழும்புக்குப் போனபின் ஒன்றைக் கவனித்தேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு றேடியோ சத்தமே இல்லை. அடுத்த சனிக்கிழமை இல்லை, அதற்கடுத்ததும் இல்லை. எங்களைக் கொதிக்க வைக்கத்தான் போட்டார்கள் என்றால் ஏன் நிறுத்த வேண்டும்? எங்களுக்குக் கொதி ஆறவே இல்லையே! கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரித்ததே மெய் என்று சும்மாவா சொன்னார்கள்? முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு சால்வையைப் போட்டுக்கொண்டு தெருவால் சுற்றி அந்த வீட்டுப் படலையில் போய் நின்றேன்.

சகலன் முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஏதோ செய்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார். வேட்டியெல்லாம் சின்னச் சின்ன ஓட்டை. அந்த ஓட்டை வேட்டியை வைத்து நான் கந்தோரில் எத்தனை பகிடி விட்டிருக்கிறேன், றேடியோ வாங்கக் காசிருக்கிறது, வேட்டி வாங்கக் காசில்லை என்று. "வாரும், இரும்" என்றார். அவ்வளவுதான். பெரியம்மா மூக்குப்பேணியில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அக்கா, நான் சண்டைக்கு வரேல்லை. ஒண்டே ஒண்டு அறியோணும். சனிக்கிழமையிலை மட்டும் ஏன் உரத்துப் போடுறனியள்?"

"அவள் கேக்கத்தான்" என்றார் பெரியம்மா.

"அவள் கேக்கிறாள் எண்டு எப்பிடித் தெரியும்?"

"பாடுவாளே தம்பி. நான் இஞ்சை இருந்து முதலடி பாடுவன். வேலிக்கு அங்காலை இருந்து மற்ற அடி வரும். கதைக்கிறதில்லை எண்டு நீங்கள் ரெண்டுபேரும் முடிவு கட்டினியள், நாங்கள் கதைக்கேல்லை. ஒரு சொல்லு கதைக்கேல்லை. மற்ற அடி வராட்டி அவள் வீட்டிலை இல்லை. பேந்து எனக்கென்னத்துக்குப் பாட்டு?"

நான் வேலியோரம் நின்று துப்பறிந்தவன்! அவள் வாய் மூடிய இடத்தில் அந்தப் பக்கம் ஒரு வாய் திறந்ததை எனக்குக் கேட்கத் தெரியவில்லை. இரண்டு காதும் உன் அம்மாவைப் பார்த்தே இருந்தன.

சகலனைத் திரும்பிப் பார்த்தேன். "உங்களுக்கு இது தெரியுமோ அண்ணை?"

"நான் என்ன செவிடனே?" என்றார். "உரத்துப் போட்டால் பற்றறி கெதியா இறங்கிப்போம். அதுதான் மற்ற நாளிலை போடுறேல்லை. இறங்கினால் சைக்கிளிலை கட்டி யாழ்ப்பாணம் கொண்டுபோய்ச் சார்ச் பண்ணிக்கொண்டு வருவன். அசிட் சிந்தி இருக்கிற வேட்டியெல்லாம் ஓட்டை. கதைக்கக்கூடாதெண்டுதானே நாங்கள் சொன்னது தம்பி. பாடக்கூடாதெண்டு ஆரும் சொல்லேல்லையே."

மகனே, அந்த மனிதரோடு நான் கோடு ஏறினவன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவர் சைக்கிள் சில்லைச் சுற்றிக்கொண்டு நின்றார். அந்தத் துடக்குச் சனிக்கிழமையைப் பற்றிப் பெரியம்மாவே சொன்னார்.

"உங்கடை முத்தத்திலை இருந்து அவளைக் கட்டிப்பிடிச்சு அழ எனக்குக் குடுத்துவைக்கேல்லை. அண்டைக்கு வீட்டுக்கு வந்தும் அழுகை வரேல்லை, கல்லு மாதிரிக் கிடந்தன். சனிக்கிழமை நேரம் வந்தோடனை கை தன்பாட்டிலை போய்த் திருகிச்சுது. துடக்கெண்டது நினைவிலை இல்லை தம்பி, சத்தியமா இல்லை. முதலடி பாடினன். மற்ற அடி வரும், வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். வரேல்லை. அப்பதான் அவள் செத்தது எனக்கு விளங்கிச்சுது. பிள்ளையின்ரை சத்தம்தான் வந்தது."

இதை ஏன் உனக்கு அப்போதே எழுதவில்லை என்று கேட்பாய். எழுதத்தான் இருந்தேன். பெரியம்மாதான் மறித்தார். "தாயைப் பறிகுடுத்த பிள்ளை, ஆரோடையாவது கோவிச்சுக்கொண்டு இருக்கட்டும். கோவம் இருக்குமட்டும் அழுகை கொஞ்சம் தள்ளி நிக்கும். என்னோடை கோவிச்சால் என்ன? நானும் தாய்தானே" என்றார். எனக்கு அது சரியாகப் பட்டது. உன் கோபம் தானாக ஆறும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது மணவறை வரை வந்து நிற்கும் என்று கண்டேனா?

நேற்றுப் போய் அவர்களுக்குக் கலியாணம் சொன்னேன், நீ வேண்டாம் என்றதையும் மறைக்காமல். கலியாணத்தன்று உன்னைக் குளிப்பாட்டித் தோய வார்க்கிற நேரம் தாயின் இடத்தில் நின்று உன் தலையில் முதல் பாலறுகு வைக்க வேறு யாரைக் கூப்பிடுவேன்? உன் அம்மாவுக்குப் பதில் ஊரில் ஒருத்தி இருந்தால் அது அவர்தான். நன்மை தின்மை இல்லை என்ற பேச்சை நானும் சகலனும் எடுத்துவிட்டோம், அது எங்களுக்குள் முடிந்தது. ஆனால் பெரியம்மா மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார்.

"உங்கடை வாயாலை சொன்னதுக்கு வரமாட்டன் தம்பி. பிள்ளை வந்து கூப்பிட்டால் வாறன். கூப்பிடாட்டியும் எனக்கு அவனோடை ஒண்டுமில்லை. பந்தக்கால் நடுற நாள் தொட்டு இஞ்சாலை ஒரு சத்தமும் வராது, ஆடு மாட்டையும் அங்காலை கொண்டுபோய்க் கட்டச் சொல்லியிருக்கிறன். மேளம் வடிவாக் கேக்கோணும் எனக்கு" என்றார்.

நீ மாப்பிள்ளை, இனி உன் சொல்லுக்கு மாறாக நான் நடக்கமாட்டேன். எல்லோருக்கும் சொல்லி முடித்தாலும் அந்த ஒரு வீட்டுப் படலைக்கு நான் இனிப் போகப் போவதில்லை. அது நீ போக வேண்டிய வீடு. வெள்ளிக்கிழமை மெயிலில் ஏறு. ஸ்டேஷனிலிருந்து நேரே இங்கே வராதே. போய்ப் படலையில் நின்று பெரியம்மா என்று ஒருதரம் கூப்பிடு. பதில் வரும்.

உன் ஐயா